படப்பைத் தையல் கிளாஸ்

பந்தலுக்கு வெளியே கழற்றிப் போட்டிருந்த செருப்புகளை ராஜாமணி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிய மனைவி கலைமதி கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும்போது பார்க்கிற பார்வையா இது என்று யாராவது கேட்டிருந்தால் திருதிருவென்று விழித்திருப்பார். யாரும் கேட்கவில்லை. சாவு வீட்டில் தலை குனிந்து உட்கார்ந்திருப்பவரைக் கண்டால் யாருக்கும் இரக்கம்தான் வரும். பாவம், மனுஷன் இடிந்து போய்விட்டார் என்று வந்தவர்கள் அவர் கையை ஒரு தரம் தொட்டுவிட்டு நகர்ந்தார்கள். அவரோ கைகளை விட்டுவிட்டு வந்தவர்களின் கால்களைப் பார்த்தார்.

அவர் தேடியது ஒரு சின்னக் காலை. ஆம்பிளைக் கால், ஆனால் சின்னது.

நாற்காலிக்கு அடியில் ஒரு கட்டைப்பையைத் தள்ளி வைத்திருந்தார். அதற்குள் ஒரு ஜோடி சேஃப்டி ஷூ. கறுப்பு நிறம், சின்ன அளவு, விரல் பக்கம் இரும்பு வைத்துத் தைத்தது. ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் லைனில் நிற்கிற பையன்கள் எல்லாருக்கும் கம்பெனி கொடுக்கிற சமாசாரம்தான். அவர் வீட்டில் வாடகைக்கு இருக்கிற தெற்கத்திப் பையன்களின் அறை வாசலிலும் ஆளுக்கொன்று கிடக்கும். மேல்மாடிப் பெண்கள் போன் கம்பெனிக்குப் போகிறவர்கள், அவர்களுக்குத் துணிச் செருப்பு. ஆக இது ஆம்பிளை ஷூதான். அதில் அவருக்குத் துளியும் ஐயம் இல்லை.

ஆனால் இந்த ஜோடி எந்த அறை வாசலிலும் கிடக்கவில்லை. மொட்டைமாடியில் தண்ணீர் டேங்குக்குப் பின்னால், செங்கல் மறைவில், கழுவித் துடைத்து, உள்ளே பழைய பேப்பரைத் திணித்து ஒளித்து வைத்திருந்தது. சில மாதங்களுக்கு முன்னால் வால்வு பார்க்கப் போனபோது கண்ணில் பட்டது. அன்றிலிருந்து அவர் நோட்டம் விட ஆரம்பித்தார். ஷூ டேங்குக்குப் பின்னால் இருக்கிற நேரத்தில் கலைமதி வீட்டில் இருந்தாள். ஷூ இல்லாத நேரத்தில் அவளும் இல்லை. இதை வைத்து ஒரு கணக்குப் போட்டார். அந்த ஷூக்காரனும் அவளும் சேர்ந்து வெளியே போகிறார்கள், சேர்ந்து திரும்புகிறார்கள். போதாக்குறைக்கு அவனுடைய ஷூவை இவள் கழுவி வேறு வைக்கிறாள். தன் செருப்பை ஒருநாளாவது கழுவியிருப்பாளா என்று நினைத்தபோதுதான் அவருக்கு வயிறு பற்றி எரிந்தது.

சரி, இவ்வளவு தெரிந்த மனுஷன் ஏன் கேட்கவில்லை? கேட்டால் பதில் வரும். பதில் வந்துவிட்டால் மத்தியானத் தூக்கம் போய்விடும். அந்தத் தூக்கத்தின் மேல் ராஜாமணிக்கு அவ்வளவு பிரியம்.

அவர் வாழ்க்கை அப்படி. ஒரு காலத்தில் கண்ணாடிக் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்த்தவர்தான். மண்ணூர்ப் பக்கம் கம்பெனிகள் வரிசையாக வந்து இறங்கியதும், இருந்த நிலத்தில் பாதியைக் கொடுத்து மீதிப் பாதியில் மூன்று மாடி எழுப்பினார். அறைக்கு நாலு பையன்கள் என்று நிரம்பியது. வேலையை விட்டார். அன்றைக்கு நாற்காலியில் இறக்கி வைத்த உடம்பை அப்புறம் அவர் பெரிதாகத் தூக்கவில்லை. காலையில் டீக்கடை, பேப்பர், கேட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி, மத்தியானம் குழம்பும் கூட்டும், அதற்கு மேல் தூக்கம். ஒரே பிள்ளை லோகேஷ் புனேயில் நல்ல வேலையில் இருந்தான். கலைமதிக்கும் ஒரு குறை வைக்கவில்லை. துணி துவைக்க மிஷின், வீடு பெருக்க ஒரு ஆள், டிவி ஹாலில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று. ஊரில் பெண்கள் அவளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள்.

மூன்றாவது மாடிக்கு கான்கிரீட் போட்டு முடித்து எல்லாருக்கும் பிரியாணி போட்ட அன்று, கலைமதி வாசலில் நின்று கட்டடத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அவ்ளோதானாய்யா?"

"இன்னும் இன்னா வோணும் உனக்கு? நாலாவது மாடிக்கு பர்மிஷன் குடுக்க மாட்டான்" என்றார் ராஜாமணி.

அவள் பிரியாணி பரிமாறப் போய்விட்டாள்.

அதற்கு அப்புறம் கொஞ்ச நாளில்தான் படப்பையில் தையல் கிளாஸ் சேர்ந்திருப்பதாகச் சொன்னாள். போ என்றார். காலையில் சமைத்து ஹாட்பாக்ஸில் மூடி வைத்துவிட்டுப் போனால் சாயங்காலம்தான் வருவாள். முதலில் தையல், அப்புறம் ஆரி வேலை, அதற்கப்புறம் இன்னும் ஏதோ என்று கிளாஸ் இரண்டு வருஷமாக நீண்டுகொண்டே போனது. வீட்டில் ஒரு தலையணை உறை தைத்துப் பார்த்ததில்லை. உடம்பு மட்டும் இளைத்து, முகம் தெளிந்து, சமைக்கும்போது தனக்குள் முணுமுணுவென்று ஒரு பாட்டு வேறு. இருபத்தாறு வருஷமாக வராத பாட்டு எங்கிருந்து வந்தது? மாடிப்படியில் பையன்கள் அவளோடு பேசிக்கொண்டிருப்பார்கள். இவர் தலையைக் கண்டதும் பேச்சு பொசுக்கென்று நின்றுவிடும். ஒருநாள் கோயில் குளத்தருகே வேல்ராஜின் பைக்கிலிருந்து அவள் இறங்கியதைக் கண்ணாலேயே பார்த்தார். இறங்கி, சுற்றும் முற்றும் பார்த்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, பஸ்ஸில் வந்தவளைப் போல நடந்து வந்தாள். "ஷேர் ஆட்டோவே கெடைக்கல" என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தாள்.

வேல்ராஜ் இரண்டாம் மாடியில் இருக்கிறவன். சங்கரன்கோவில் பக்கத்துப் பையன். குள்ளம். கால் சின்னது.

நேற்றுக் காலையில் மாடிப்படி ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவளை இரண்டு கைகளிலும் ஏந்திக் கீழே கொண்டுவந்ததும் அவன்தான். ராஜாமணி டீக்கடையில் இருந்தார். ஆள் வந்து சொல்லி ஓடிப்போய் ஆட்டோவில் ஏறியபோது அவள் தலை வேல்ராஜின் மடியில் இருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கையை விரித்துவிட்டார். ராஜாமணிக்கு அப்போது அழுகை வந்தது. வந்தது பாதியிலேயே நின்றுவிட்டது. அந்த நேரத்தில் இவன் ஏன் மாடிப்படியில் இருந்தான் என்ற கேள்வி அழுகையை முந்திக்கொண்டு வந்து நின்றது.

"டேய் ராஜாமணி, இன்னாடா இங்கியே குந்திகினு கீற?" அவருடைய அக்கா வந்து தோளைத் தட்டினாள். "குளிப்பாட்டி மஞ்ச பூசியாச்சி. சுமங்கலியா போறவடா. புருசன் கையால பொட்டு வெச்சி பூ வெச்சாதான் எடுக்க முடியும். எழுந்து வா."

"வரேங்க்கா. இரு."

"இதோட மூணாவது வாட்டி சொல்ற."

ராஜாமணி அசையவில்லை. அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு பெண்கள் பக்கம் போனாள். அவன் தாங்க மாட்டாமல் தவிக்கிறான் என்று அங்கே சொல்லியிருக்க வேண்டும். பெண்களின் ஒப்பாரி இன்னும் கொஞ்சம் ஏறியது.

தாங்க மாட்டாமல்தான் இருந்தார். ஆனால் அவர்கள் நினைத்த விதத்தில் இல்லை. குங்குமத்தை விரலில் எடுத்து அந்த நெற்றியில் வைத்தால், இவள் கடைசி வரைக்கும் எனக்கு உண்மையாக இருந்தாள் என்று ஊர் முன்னால் கையெழுத்துப் போட்ட மாதிரி. தெரியாமல் எப்படிப் போடுவது? தெரிந்துகொள்ள இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. தூக்கிக்கொண்டு போய்விட்டால் கேட்பதற்கு ஆள் இல்லை. உயிரோடு இருந்தபோது கேட்க விடாத அந்தச் சோம்பேறித்தனத்தை அவர் இப்போது மனதாரத் திட்டினார்.

கலைமதியின் அண்ணன் தணிகாசலம் தாய்வீட்டுக் கோடிப் புடவையைத் தட்டில் வைத்துக்கொண்டு வந்தார். "மாப்ள, நேரம் ஆவுது. வெயில் ஏறிகினே போவுது. லோகேஷும் வந்துட்டான். யாருக்காவ வெயிட் பண்றோம்?"

"ஒரு அஞ்சு நிமிஷம் மச்சான்."

கட்டைப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு ராஜாமணி எழுந்தார். பந்தல் ஓரத்தில் வேல்ராஜ் தண்ணீர் கேன்களை இறக்கிக்கொண்டிருந்தான். நேற்றிலிருந்து அவன்தான் ஓடிக்கொண்டிருந்தான். பந்தலுக்குச் சொன்னது, ஐஸ் பெட்டிக்குச் சொன்னது, நாற்காலி கொண்டுவந்தது எல்லாம். கண் இரண்டும் வீங்கிச் சிவந்திருந்தன. வாடகைக்கு இருக்கிறவனுக்கு வீட்டுக்காரி செத்ததில் இவ்வளவு வீக்கம் எதற்கு?

"மேல வா" என்றார்.

"எதும் வேணுமா அண்ணாச்சி? நான் எடுத்துட்டு வாரேன்."

"மேல வாடா."

முதல் மாடித் திருப்பத்தில் யாரும் இல்லை. கீழே மேளம் அடிக்கும் சத்தம் சுவரில் அதிர்ந்தது. ராஜாமணி பையிலிருந்து ஷூவை எடுத்துப் படியில் வைத்தார். அவனைப் பார்த்துக்கொண்டே, சாந்தமாக, மாப்பிள்ளைக்குச் செருப்புக் கடையில் சொல்வதைப் போலச் சொன்னார்.

"போட்டுக் காட்டு."

வேல்ராஜ் ஷூவைப் பார்த்தான். அவர் முகத்தைப் பார்த்தான். அவன் முகம் வெளுத்துப் போனது. சரி, பிடித்துவிட்டோம் என்று ராஜாமணிக்கு நெஞ்சு படபடத்தது. அந்தப் படபடப்பில் ஒரு திருப்தியும் இருந்தது என்பதை மறைத்துப் பயனில்லை.

"அண்ணாச்சி..."

"போடுடா!"

அவன் காலை நுழைத்தான். பாதி போனது. குதிகால் வெளியே நின்றது. ராஜாமணி குனிந்து, கணுக்காலைப் பிடித்து, பள்ளிக்கூடப் பிள்ளைக்கு மாட்டுவதைப் போல அழுத்தித் தள்ளினார். போகவில்லை. மண்ணூரில் அவர் பார்த்ததிலேயே சின்னக் கால் அது. அதுவும் உள்ளே போகவில்லை.

"இது யாரோடது?" குனிந்தபடியே கேட்டார். "யாருன்னு சொல்லிட்றா. உன்ன ஒண்ணும் பண்ண மாட்டேன். ஆளு யாரு?"

வேல்ராஜுக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். சட்டென்று படியில் உட்கார்ந்துவிட்டான்.

"அய்யோ அண்ணாச்சி. இது அக்காவுது."

"எந்த அக்கா?"

"நம்ம கலைமதி அக்காதான். குடோன்ல போட்டுக்கிடுறது."

ராஜாமணி நிமிர்ந்தார். "எந்தக் குடோன்? எனக்கே காது குத்துறியா?"

"சத்தியமா அண்ணாச்சி. நான் வேலை பாக்குற குடோன்தான். அக்கா ரெண்டு வருசமா அங்கதான் இருக்காவ. மொதல்ல ஹவுஸ்கீப்பிங்குல வந்தாவ."

"ஹவுஸ்கீப்பிங்குன்னா?"

"பெருக்குறது. தரை தொடைக்குறது."

"எங்க வூட்ல பெருக்கறதுக்கே ஆள் வெச்சிகீறோம்" என்றார் ராஜாமணி. "இங்க ஆள் வெச்சிகினு அங்க போயி பெருக்குனாளா? உக்காந்து துன்ற வூட்டு பொம்பள. யாருகிட்ட கத வுடுற?"

"பொறவு ஃபோர்க்லிஃப்ட் கத்துக்கிட்டாவ அண்ணாச்சி. சரக்கத் தூக்கி வைக்கிற வண்டி. எங்க குடோன்ல அத ஓட்டுற பொம்பள அக்கா ஒருத்தவதான்."

பொய்யும் ஒரு அளவுக்குச் சொன்னால்தான் நம்ப முடியும். ராஜாமணி அவன் சட்டையைப் பிடித்தார். அந்த நேரம் மேல்மாடியிலிருந்து மாரிசெல்வி இறங்கி வந்தாள். போன் கம்பெனியில் வேலை, தென்காசிப் பக்கம். டேங்குக்கு நேர் கீழே இருக்கிற அறை அவளுடையது. படியில் கிடந்த ஷூவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். பார்த்த மாத்திரத்தில் அழுதாள்.

"நீ எதுக்கு அழுவுற? உனுக்கும் தெரியுமா?"

"வேலைக்குப் போட்டுக்கிடுற துணி என் ரூம்லதான் அண்ணாச்சி இருக்கும், பையில எடுத்துட்டுப் போயி குடோன்ல மாத்திக்கிடுவாவ. பேன்ட்டு, சட்டை, ஒரு ஸ்கார்ஃபு. ஒங்ககிட்ட சொல்லிராதியன்னு எல்லாருகிட்டயும் சத்தியம் வாங்கியிருந்தாவ."

எல்லாரிடமும். மூன்று மாடியும் தெரிந்து வைத்திருந்தது. கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, யார் வருகிறார்கள் யார் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு மட்டும் தெரியாது. ராஜாமணி சட்டையை விட்டார். இன்னும் நம்பவில்லை. இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு பூசி மெழுகுகிறார்கள் என்று உள்ளே ஒரு குரல் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தது. கதைக்குத் தகுந்த மாதிரி ஷூவும் சின்னதாக இருக்கிறது, அவ்வளவுதானே? குடோனில் இன்னொருவன் இருக்க மாட்டானா?

கீழே இறங்கியபோது பந்தல் வாசலில் ஒரு வேன் வந்து நின்றிருந்தது. ஆரஞ்சு நிற ஜாக்கெட் போட்ட பத்துப் பதினைந்து பேர் இறங்கினார்கள். ஊர்க்காரர்கள் யாரென்று தெரியாமல் வழி விட்டார்கள். வந்தவர்கள் பந்தலுக்கு வெளியே குனிந்து கயிறு அவிழ்த்து ஷூவைக் கழற்றினார்கள். கறுப்பு, விரல் பக்கம் இரும்பு வைத்தது. ஊர்க்காரர்களின் ரப்பர் செருப்புகளுக்குப் பக்கத்தில் அவை ஒரே மாதிரி வரிசையாக நின்றன. எல்லாரையும் விட மூத்தவர் ஒரு பெரிய மாலையைப் பெட்டியின் மேல் வைத்துவிட்டுக் கும்பிட்டார். கும்பிட்ட கையை இறக்க அவருக்கு ரொம்ப நேரம் ஆனது.

"அண்ணாதுரை. சூப்பர்வைசர்" என்று வேல்ராஜ் காதோடு சொன்னான்.

லோகேஷ் எழுந்து வந்தான். "யாருப்பா இவங்கள்லாம்?"

ராஜாமணி நேராக அண்ணாதுரையிடம் போனார். துக்கம் விசாரிக்க வந்தவர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, "எம் பொண்டாட்டிய உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டார். கேட்ட விதத்தில் பக்கத்தில் இருந்த இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அண்ணாதுரை அவரையும் பார்த்தார், பின்னால் தலை குனிந்து நின்ற வேல்ராஜையும் பார்த்தார். விஷயம் அவருக்குப் பிடிபட்டிருக்க வேண்டும். போனை எடுத்து, எதையோ தேடி, அவர் கையில் கொடுத்தார்.

வீடியோ. கூரை எங்கே இருக்கிறதென்றே தெரியாத ஒரு பெரிய குடோன். மஞ்சள் வண்டி ஒன்று பின்னால் வந்து, வளைந்து, நின்றது. ஓட்டுகிறவர் தலையில் ஹெல்மெட், கழுத்தில் ஸ்கார்ஃப். இடது கை மட்டும் ஸ்டியரிங்கில் இருந்த குமிழைப் பிடித்துச் சுற்றியது, வலது கை ஏதோ ஒரு நெம்புகோலைத் தொட்டது. முன்னால் இருந்த சரக்கு தரையை விட்டுக் கிளம்பியது. ஓட்டுகிறவர் தலையை நிமிர்த்தினார். வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

கலைமதி.

அந்த முகத்தை அவர் இதற்கு முன்னால் பார்த்ததில்லை. கல்யாணத்தில் இல்லை, லோகேஷ் பிறந்தபோது இல்லை, மூன்று மாடி எழும்பியபோதும் இல்லை. ஒரு கணம் உண்மையிலேயே வேறு யாரோ என்று நினைத்துவிட்டார். சரக்கு மேலே போய் நின்றதும் யாரோ கை தட்டினார்கள். அவள் கேமரா பக்கம் திரும்பி, "போதுமாடா, எடுத்தியா? வூட்ல காட்டிடாதடா சாமி" என்று சொல்லிச் சிரித்தாள். வீடியோ நின்றுவிட்டது.

லோகேஷ் தோள் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். "அம்மாவாப்பா இது?" என்றான். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான்.

ராஜாமணிக்குச் சந்தேகம் தீர்ந்தது. அதை ஒரு நிம்மதி என்று சொல்ல முடியாது. இன்னொரு ஆள் இருந்திருந்தால் அவனைத் திட்டலாம், அடிக்கலாம், அவளையும் சேர்த்து வெறுக்கலாம். இங்கே யாரைப் பிடிப்பது? ஒரு மஞ்சள் வண்டியையா?

"இன்னா கொறை வெச்சேன் அவளுக்கு?" அண்ணாதுரையிடம்தான் கேட்டார். ஆனால் பந்தலுக்கே கேட்டது. "காசு வோணும்னு கேட்டாளா? நான் இல்லேன்னு சொல்லிகீறேனா? எதுக்கு வந்தா உங்ககிட்ட?"

"காசுக்கு வந்தவங்க இல்ல சார் அவங்க. மொதோ நாளே தெரியும். பெருக்கிகினு இருக்கும்போதே வண்டியத்தான் பாத்துகினு இருப்பாங்க. அத நான் ஓட்லாமான்னு கேட்டாங்க. நான் சிரிச்சேன். டெய்லி கேட்டாங்க. அப்பால ஒருநாள் ட்ரெய்னிங்குல ஒரு பையன் வரல, அந்த எடத்துல உக்கார வெச்சேன்."

மாரிசெல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "எப்பந்தான் அண்ணாச்சிகிட்ட சொல்லுவியன்னு நானும் கேட்டுட்டேதான் இருந்தேன். பெருக்குதேன்னு எப்படிச் சொல்ல, வண்டி கைக்கு வரட்டும்னாவ. வண்டி வந்துச்சு. பொறவு, பெரிய வண்டி ஒண்ணு இருக்கு, அத ஓட்டிட்டுச் சொல்லுதேன்னாவ. அப்பந்தான் அவரால சிரிக்க முடியாதுன்னாவ."

ராஜாமணி வாயைத் திறந்தார். நான் ஏன் சிரிக்கப்போகிறேன் என்று சொல்லத்தான் திறந்தார். சொல்லவில்லை. கலைமதி எதிரில் வந்து நின்று, யோவ், நான் குடோன்ல வண்டி ஓட்றேன் என்று சொல்வதை மனசுக்குள் நடத்திப் பார்த்தார். நல்லது புள்ள, ஓட்டு என்று அவருடைய வாயிலிருந்து வர வேண்டும். எத்தனை தரம் நடத்திப் பார்த்தாலும், உனக்கு எதுக்குடி இந்த வேலை, ஊரே சிரிக்கும், போய் சோறு போடு என்றுதான் வந்தது. இத்தனை மாதமாக வீட்டில் எல்லாரையும் சந்தேகப்பட்டவர், இப்போதுதான் முதல் தடவையாகத் தன்னைச் சந்தேகப்பட்டார். அந்தச் சந்தேகம் பொய்யாகும் என்று சொல்ல அவருக்குச் சாட்சி யாரும் இல்லை.

"பெரிய வண்டின்னா?" என்றார்.

"ரீச் டிரக் சார். ஒயரமான ரேக்குல வெக்கிறது. வர்ற திங்கக்கெழம அவங்களுக்கு டெஸ்ட் வெச்சிருந்தோம்."

"எவ்ளோ ஒயரம்?"

அண்ணாதுரை சுற்றிலும் பார்த்தார். அப்புறம் கையை நீட்டிக் காட்டினார். "தோ, உங்க மூணாவது மாடி கைப்பிடிச் சுவரு கீதே, அந்த ஒயரத்துக்குப் போவும்."

கைப்பிடிச் சுவரில் யாருடைய போர்வையோ காய்ந்துகொண்டிருந்தது. ராஜாமணி அண்ணாந்து பார்த்தார்.

"அவளும் மேல போவணுமா?"

"இல்ல சார். அவங்க கீழதான். சரக்குதான் மேல போவும். போவ போவ லேசா ஆடும். பழகுன பசங்களே அந்த எடத்துல கைய எடுத்துடுவாங்க. அவங்க எடுக்க மாட்டாங்க. இன்னும் கொஞ்சம் மேல, இன்னும் கொஞ்சம் மேலன்னு அவங்களே சொல்லிக்குவாங்க." அண்ணாதுரை போனைச் சட்டைப்பைக்குள் வைத்தார். "ஏத்தும்போது ஒரு மொகம். எறக்கும்போது பாத்தா வாடிப்பூடும்."

"டேய், இப்பவாவது வருவியா?" அக்காவின் குரல்.

ராஜாமணி போனார். கண்ணாடிப் பெட்டியைத் திறந்து கோடிப் புடவை போர்த்தி வைத்திருந்தார்கள். மஞ்சள் பூசிய முகம் அமைதியாக இருந்தது. வீடியோவில் பார்த்த முகம் அதில் எங்கேயாவது ஒட்டியிருக்கிறதா என்று தேடினார். தெரியவில்லை. அக்கா குங்குமக் கிண்ணத்தை நீட்டினாள். அவர் அதை வாங்காமல் முதலில் கலைமதியின் இடது கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கையின் நடுவில் தோல் தடித்துக் காய்த்திருந்தது. வலது கையில் அது இல்லை. இந்தக் கையில் சட்டியைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இரண்டு வருஷமாக அவருக்குச் சோறு போட்டிருக்கிறாள். அவர் தலை நிமிராமல் சாப்பிட்டிருக்கிறார்.

"இன்னாடா கைய பாக்குற? பொட்டு வை."

வைத்தார். கொஞ்சம் கோணலாகப் போனது. ஒரு பெண் முந்தானை நுனியால் திருத்த வந்தாள். "வுடும்மா, அப்பிடியே இருக்கட்டும்" என்றார். அதைச் சொன்னபோதுதான் நேற்று பாதியில் நின்ற அழுகை மீதியோடு வந்தது. குழந்தை மாதிரி அழுதார். சுற்றி இருந்தவர்களுக்கு ஒரு வழியாக நிம்மதி.

சங்கு ஊதினார்கள். லோகேஷ் நெருப்புச் சட்டியோடு முன்னால் நின்றான். பாடையைத் தூக்கத் தணிகாசலத்தின் மகன்கள் இரண்டு பேரும் பங்காளி வீட்டு ஆள் ஒருவரும் வந்தார்கள். நாலாவது ஆளுக்காகத் தணிகாசலம் கூட்டத்தைப் பார்த்தார்.

"வேல்ராஜூ" என்றார் ராஜாமணி. "நீ வா."

"இன்னா மாப்ள, நம்ம ஆளுங்க இல்லாத மாரி? வாடகைக்கு கீற பையன் எதுக்கு?"

"அவன் தூக்கட்டும் மச்சான்."

வேல்ராஜ் முன்பக்கம் வலது மூலையில் தோள் கொடுத்தான். மற்ற மூன்று பேரும் நெடுநெடுவென்று இருந்தார்கள். அவன் பக்கம் மட்டும் பாடை தாழ்ந்து சரிந்தது. அவன் கால் விரல்களில் எக்கி நின்று பார்த்தான். ராஜாமணி அந்த மூலைக்குப் போய், மூங்கிலுக்கு அடியில் தன் இரண்டு கைகளையும் கொடுத்துத் தூக்கினார். வருஷக்கணக்காக எதையும் தூக்காத கை. தோள் விண்ணென்று வலித்தது. பாடை சமமானது.

"போலாம், போலாம்" என்றார் தணிகாசலம்.

"இன்னும் கொஞ்சம் மேல" என்றார் ராஜாமணி.

"சரியாத்தான் கீது மாமா" என்றான் பின்னால் இருந்தவன்.

"மேல தூக்குங்கடா."

ஒன்றும் புரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சாவு வீட்டில் புருஷன்காரன் சொல்வதை மறுக்க முடியாது. தோளிலிருந்து எடுத்துக் கைகளை நீட்டி உயர்த்தினார்கள். பாடை லேசாக ஆடியது. பந்தல் துணியில் மாலைகள் உரசிப் பூக்கள் உதிர்ந்தன. ராஜாமணி கையை எடுக்கவில்லை. அண்ணாந்து பார்த்தபடியே தெருவில் இறங்கி நடந்தார்.